பலகை சொல்லும் வேகமும் பாதை தரும் வேகமும்

விரைவுச்சாலையின் ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் 120 என்ற எண்ணை, அந்தச் சாலையில் போகவேண்டிய வேகம் என்றே ஓட்டுநர்களில் பலர் எடுத்துக்கொள்கின்றனர். சட்டமோ அந்த எண்ணை உச்சவரம்பாக மட்டுமே வைத்திருக்கிறது. பகல் வெளிச்சம், உலர்ந்த தளம், குறையில்லாத டயர், விழிப்பான ஓட்டுநர், நெரிசலற்ற சாலை ஆகிய அனைத்தும் ஒருசேர வாய்த்திருக்கும்போதும் அதற்கு மேல் போகலாகாது என்பதே அதன் பொருள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், வரம்புக்குக் கீழே எந்த வேகம் பாதுகாப்பானது என்று முடிவுசெய்யும் பொறுப்பு ஓட்டுநரைச் சேர்கிறது. அந்த முடிவைத் துணிச்சலிடமோ பழக்கத்திடமோ விட்டுவிட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தையும் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய கணக்கு ஒன்று அதற்கு உண்டு.

வரம்புகளின் வரலாறு

எதிரெதிர்த் திசைப் போக்குவரத்தை மையத் தடுப்பால் பிரித்து, குறுக்குச் சாலையும் சிக்னலும் இல்லாமல், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நுழையவும் வெளியேறவும் வழிவைத்துக் கட்டப்படுவதே விரைவுச்சாலை. இந்திய மத்திய அரசு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்கீழ் 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, இத்தகைய சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 120 கி.மீ., பேருந்துகளுக்கு 100 கி.மீ., சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ. என உச்சவேகத்தை நிர்ணயித்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2021-இல், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என். கிருபாகரன், டி.வி. தமிழ்ச்செல்வி ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வரம்பைக் குறைத்துப் புதிதாக அறிவிக்குமாறு கூறியது. சாலைகளும் எஞ்சின் தொழில்நுட்பமும் முன்னேறிவிட்டன என்று அரசுத் தரப்பு வாதிட்டபோது, விதியை மதிக்கும் பழக்கம் முன்னேறாத இடத்தில் நல்ல எஞ்சினால் மட்டும் விபத்தைத் தடுத்துவிட முடியாது என்று அமர்வு கருதியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பதும், அவற்றுள் பத்தில் ஏழு சாவுகளுக்கு மிகைவேகமே காரணமாகப் பதிவாகியிருந்தது என்பதும் அந்தக் கவலையின் அளவைக் காட்டுகின்றன.

வரம்பு எதுவாக இருக்கவேண்டும் என்ற விவாதம் மற்ற நாடுகளிலும் எளிதில் தீர்ந்ததில்லை. பிரிட்டனில் 1959 நவம்பரில் எம்-1 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது அதில் வேகவரம்பே கிடையாது. 1965-இன் பனிக்காலத்தில் மூடுபனிக்குள் வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்ட விபத்துகளுக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 112 கி.மீ., என்ற தற்காலிக வரம்பு வந்து, 1967-இல் நிலைபெற்றது. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பெரும்பகுதிக்கு இன்றும் நிலையான வரம்பு இல்லை என்றாலும், 1978 முதல் 130 கி.மீ. என்ற வேகம் பரிந்துரையாக நடைமுறையில் உள்ளது. அதைத் தாண்டுவது குற்றமாகாது. ஆயினும், அதைத் தாண்டிச் சென்று விபத்தில் சிக்கியவர், 130-இல் போயிருந்தாலும் அதே விபத்து நேர்ந்திருக்கும் என்று மெய்ப்பிக்காவிட்டால், தவறு மற்றவருடையதாக இருப்பினும் இழப்பில் ஒரு பங்கைத் தாமும் ஏற்கவேண்டி வரலாம் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இன்னும் ஒரு படி சென்று, 1995-இன் இறுதியில் பகல்நேர வரம்பை எண்ணாகச் சொல்லாமல், நியாயமும் விவேகமும் உள்ள வேகத்தில் செல்லவேண்டும் என்று மட்டும் விதித்தது. எது நியாயம் என்று ஓட்டுநருக்கும் காவலருக்கும் ஒரே தெளிவு கிடைக்காததால், அந்த விதி பொருள் தெளிவற்றது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் தள்ளிவிட, 1999-இல் எண்ணே மீண்டும் பலகைக்கு வந்தது. சட்டத்தால் ஓர் எண்ணைத்தான் தெளிவாகச் சொல்லமுடியும் என்பதையும், விவேகமான வேகமோ நேரத்துக்கு நேரம் மாறுவதால் எந்த ஒற்றை எண்ணுக்குள்ளும் அடங்காது என்பதையும் மொன்டானாவின் அனுபவம் ஒருங்கே உணர்த்துகிறது.

நிற்கும் தூரம்

ஓடும் வண்டி நின்று முடிவதற்குள் கடக்கும் தூரம் இரண்டு பகுதிகளால் ஆனது. தடை ஒன்று கண்ணில் பட்டு, அது தடைதான் என்று மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கும்வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும் தூரம் முதற்பகுதி; இதை எதிர்வினைத் தூரம் எனலாம். பிரேக் பிடித்ததிலிருந்து சக்கரம் ஓய்வதுவரை செல்லும் தூரம் இரண்டாம் பகுதியாகிய பிரேக் தூரம். எதிர்வினைத் தூரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். பிரேக் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரட்டித்தால் அத்தூரம் நான்கு மடங்காகிவிடும். பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேடு 70 மைல் வேகத்துக்கு மொத்தம் 96 மீட்டர் என்று தருவது, ஓட்டுநர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எதிர்வினையாற்றுவார் என்று கொண்டு போட்ட கணக்கு. எதிர்பாராத தடையைக் காணும் சராசரி மனிதருக்கு ஒன்றரை நொடி பிடிப்பது இயல்பு என்பதால், சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் தங்கள் கணக்கில் இரண்டரை நொடியையே எடுத்துக்கொள்கின்றனர்.

ஒன்றரை நொடியையும், உலர்ந்த தளத்தில் நல்ல பிரேக் தரக்கூடிய வேகத்தணிவையும் கொண்டு கணக்கிட்டால், 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 97 மீட்டரும், 120 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்பதற்கு ஏறத்தாழ 130 மீட்டரும் வேண்டும். இந்த 33 மீட்டர் வேறுபாடு தாளில் சிறியதாகத் தோன்றினாலும், அதன் உண்மையான பொருள் வேறொரு கேள்வியில்தான் வெளிப்படுகிறது. இவ்விரு கார்களும் அருகருகே வந்துகொண்டிருக்கையில், பழுதாகி நிற்கும் லாரி ஒன்றை ஒரே நொடியில் இருவரும் கண்டு, ஒரே நொடியில் பிரேக் பிடிக்கின்றனர் என்று கொள்வோமானால், முதற்கார் லாரியைத் தொடாமல் மயிரிழையில் நின்றுவிடும் அதே இடத்தை இரண்டாம் கார் எந்த வேகத்தில் அடையும்? வேகமுள் காட்டிய வேறுபாடு 20 கி.மீ. என்பதால் மோதலும் 20 கி.மீ. வேகத்தில்தான் நிகழும் என்று மனம் கணக்கிடுகிறது. இயற்பியலின் விடையோ மணிக்கு ஏறத்தாழ 77 கி.மீ. பிரேக் பிடிப்பதற்கு முன்பே இரண்டாவது கார் முதற்காரைவிடச் சில மீட்டர் கூடுதலாக முழுவேகத்தில் ஓடியிருக்கும் என்பதும், அது கரைக்கவேண்டிய இயக்க ஆற்றல் 44 விழுக்காடு மிகுதி என்பதும் இதற்குக் காரணங்கள். கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டத்தில் முன்புற மோதல் சோதனை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்தப்படுகிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், ஐந்து நட்சத்திரம் பெற்ற காரும் எந்த வேகத்துக்கு மேல் சோதிக்கப்படாத களத்துக்குள் நுழைகிறது என்பது விளங்கும்.

பார்வைத் தூரம்

நிற்கும் தூரத்தை அளக்கும் கோல், கண்ணுக்குத் தடையின்றித் தெரியும் சாலையின் நீளம். தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் வண்டியை ஓட்டவேண்டும் என்பது பிரிட்டனின் கையேட்டிலும் ஜெர்மனியின் போக்குவரத்துச் சட்டத்திலும் அடிப்படை நெறியாக இடம்பெற்றிருக்கிறது. பகலில், நேரான விரைவுச்சாலையில், பல நூறு மீட்டர் தெரியும் என்பதால் இந்நெறி தானாகவே நிறைவேறிவிடுகிறது. இரவும் மழையும் பனியும் வரும்போதுதான் அதைக் கணக்குப் பார்த்துக் கடைப்பிடிக்கவேண்டிய தேவை எழுகிறது.

எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க முகப்பு விளக்கை டிம்மில் வைத்து ஓட்டும்போது, கறுப்பு உடையணிந்த ஒருவரையோ பின்விளக்கு எரியாத டிராக்டரையோ ஏறத்தாழ 50 முதல் 60 மீட்டர் தொலைவில்தான் அடையாளம் காணமுடிகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரமே கிட்டத்தட்ட 70 மீட்டர் ஆகையால், விளக்குக் கம்பம் இல்லாத சாலையில் டிம் விளக்குடன் 80-இல் செல்பவரும், தாம் காணாத இடத்துக்குள் வண்டியைச் செலுத்துகிறவராகவே ஆகிறார். இரவில் எதிர்த்திசை வெறுமையாக இருக்கும்போது ஹை பீமைப் பயன்படுத்துவதும், அது இயலாதபோது 70-க்கு அருகில் வேகத்தை இறக்குவதும் இக்கணக்கிலிருந்து பிறக்கும் முடிவுகள்.

ஈரத்தளத்தில் டயரின் பிடிமானம் வெகுவாகக் குறைகிறது. முன்சொன்ன அதே கணக்கை நனைந்த சாலையின் பிடிமானத்தை வைத்துப் போட்டால், 80 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் ஏறத்தாழ 95 மீட்டராகிறது. உலர்ந்த சாலையில் 100-இல் சென்றால் எவ்வளவு தூரம் வேண்டுமோ, மழையில் 80-இல் சென்றாலும் அவ்வளவே வேண்டும் என்பது இதன் பொருள். பிரான்ஸ் இதைச் சட்டமாகவே ஆக்கி, உலர்நாளில் 130 கி.மீ. உள்ள வரம்பை மழைநாளில் 110-ஆக இறக்கியுள்ளது. தேங்கிய நீரில் வேறோர் ஆபத்தும் உண்டு: டயரின் பட்டன்களுக்கு இடையிலுள்ள காடிகள் வழியாக வெளியேறமுடியாத நீர் சக்கரத்துக்கும் தளத்துக்கும் இடையே படலமாகி, வண்டியைத் தூக்கி மிதக்கவிடும். நீர்மிதவை எனப்படும் இந்நிலையில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப்போகின்றன. விமான ஓடுதளங்களுக்காக நாசா 1960-களில் செய்த ஆய்வுகள், மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று காட்டின; அச்சூத்திரத்தைக் காரின் வழக்கமான காற்றழுத்தத்துக்குப் பொருத்தினால் விடை ஏறத்தாழ 90 கி.மீ. வேகத்தை ஒட்டி வருகிறது. பட்டன் தேய்ந்து காற்றும் குறைந்திருந்தால் அதற்கும் கீழான வேகத்திலேயே மிதவை தொடங்கிவிடும்.

மூடுபனியில் கணக்கு மிகவும் இறுகுகிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது, நனைந்த தளத்தில் அந்தத் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம் மணிக்கு ஐம்பது கி.மீ.யைச் சற்றே தாண்டுகிறது; ஜெர்மனியும் பிரான்ஸும் இத்தகைய பனியில் உச்சவேகம் 50 என்று விதித்திருப்பது இதனுடன் ஒத்துப்போகிறது. ஐம்பது மீட்டர் பார்வையை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு ஜெர்மனியின் சாலைகளே விடை தருகின்றன, ஏனெனில் அங்கு ஓரத்தில் நடப்பட்டுள்ள கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்றாக நிற்பதால், அடுத்த கம்பம் தெரியாவிட்டால் வேகம் 50-க்கு இறங்கவேண்டும். இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைத்து 2012-இல் திறக்கப்பட்ட 165 கி.மீ. நீள யமுனை விரைவுச்சாலையில், குளிர்கால மாதங்களில் கார்களுக்கான 100 கி.மீ. வரம்பு ஆண்டுதோறும் குறைக்கப்படுகிறது. அந்தக் குறைந்த வரம்பும் உச்சவரம்பே என்பதால், அடர்ந்த பனியில் அதைவிடவும் வெகுவாகக் கீழே செல்லவேண்டியிருக்கும்.

முன்வண்டியும் வேக வேறுபாடும்

முன்னால் செல்லும் வண்டி பார்வையை மறைப்பதால், அதற்கும் தமக்கும் இடையே விடும் இடைவெளியையே ஓட்டுநர் தமது பார்வைத் தூரமாகக் கொள்ளவேண்டும். இதை மீட்டரில் மதிப்பிடுவது கடினம் என்பதால் நேரத்தில் அளப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. முன்வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தையோ கடக்கும் கணத்தில் எண்ணத் தொடங்கி, தம் வண்டி அதே இடத்தை அடைவதற்குக் குறைந்தது இரண்டு நொடியாவது ஆகவேண்டும் என்பதே இரண்டு நொடி விதி. மழையில் அது நான்கு நொடியாகும். 100 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது 56 மீட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். வேகமுள் காட்டும் எண்ணில் பாதியை மீட்டராகக் கொள் என்ற ஜெர்மானிய வழக்கமும் ஏறத்தாழ இதே இடைவெளியைத் தருகிறது. பிரான்ஸின் விரைவுச்சாலைகளில் ஓரக்கோட்டின் ஒவ்வொரு துண்டும் 39 மீட்டர் நீளமும், இடைவெளி 13 மீட்டரும் கொண்டிருப்பதால், முன்வண்டிக்கும் தமக்கும் நடுவே இரண்டு துண்டுகள் தெரியவேண்டும் என்று ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இந்திய விரைவுச்சாலைகளில் இதைவிடச் சிக்கலானது வேக வேறுபாடு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் சாலமன், போக்குவரத்தின் சராசரியைவிட மிக வேகமாகச் செல்பவர்களும் மிக மெதுவாகச் செல்பவர்களும் அதிகம் விபத்தில் சிக்குகின்றனர் என்று 1964-இல் வெளியிட்ட முடிவு, அதன் தரவுகள் பற்றிப் பின்னர் எழுந்த ஐயங்களுக்கு இடையிலும், ஒரு பயனுள்ள எச்சரிக்கையாக நீடிக்கிறது. சுமையேற்றிய லாரி 50-இல் ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் கார் 120-இல் வருமானால், இரண்டுக்கும் இடையிலுள்ள 200 மீட்டர் பத்தே நொடியில் கரைந்துவிடும். லாரி பழுதாகி நின்றுவிட்டிருந்தால் ஆறே நொடி. தொலைவிலுள்ள வண்டியின் உருவம் நெடுநேரம் சிறிதாகவே தோன்றி, மிக நெருங்கிய பின்னரே சட்டெனப் பெரிதாவதால், அது நிற்கிறதா ஓடுகிறதா என்பதைக் கண் காலம்தாழ்த்தியே உணர்கிறது. எனவே லாரிகள் தடம் மாறிமாறிச் செல்லும் பகுதியிலும், சுங்கச்சாவடி, உணவகம், நுழைவாயில் ஆகியவற்றை நெருங்கும்போதும், தடை எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பதே முறை. சாலை முழுதும் 80-இல் ஓடுகையில் தனியொருவர் வலத்தடத்தில் 50-இல் செல்வதும் பாதுகாப்பாகாது. மெதுவாகச் செல்ல விரும்புபவருக்கு உரிய இடம் இடத்தடம்.

மனமும் டயரும்

நெடுநேரம் 110-இல் சென்றவருக்கு 60 கி.மீ. வேகம் ஊர்வதுபோல் தோன்றும். வேகத்துக்குக் கண் பழகிவிடும் இந்த இயல்பினால்தான், விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் வண்டிகள் கவிழ்கின்றன. அத்தகைய இடங்களில் உணர்வை நம்பாமல் வேகமானியைப் பார்க்கவேண்டும். வளைவில்லாத நீண்ட சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கையில், கண் திறந்திருந்தும் கவனம் மங்கிப்போகும் சாலை மயக்கம் என்ற நிலையும் உண்டு. நாக்பூர்–மும்பை சம்ருத்தி விரைவுச்சாலையில் நேர்ந்த விபத்துகளை ஒட்டி இது இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்டது. மயங்கிய கவனத்தில் எதிர்வினை நேரம் ஒன்றரை நொடியிலிருந்து மூன்று நொடியாகுமானால், 100 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரத்துடன் மேலும் 40 மீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும் என்பதால், களைப்பும் வேகக் கணக்கில் ஓர் எண்ணாகவே இடம்பெறவேண்டும். அதற்கு வேகத்தைக் குறைப்பதைவிட வண்டியை நிறுத்தி ஓய்வெடுப்பதே மாற்று.

டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்து, அது தாங்கக்கூடிய உச்சவேகத்தைக் குறிக்கிறது; டி என்றால் 190 கி.மீ., எச் என்றால் 210 கி.மீ. ஆயினும் இந்த வேகம், டயரில் சரியான காற்றும் அளவான சுமையும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நெளிந்து சூடேறும் என்பதாலும், கோடை வெயிலில் கொதிக்கும் தளம் அச்சூட்டை இன்னும் ஏற்றும் என்பதாலும், நகரத்துக்குள் மாதக்கணக்கில் தொல்லை தராத அதே டயர் விரைவுச்சாலையில் ஒரு மணி நேரத்தில் வெடித்துவிடக்கூடும்.

மிச்சமாகும் நேரம்

வேகத்தைக் கூட்டுவதன் பயன் நேரம் மிச்சமாவது. நூறு கி.மீ. பயணத்தில் 80-லிருந்து 100-க்குக் கூட்டினால் 15 நிமிடமும், 100-லிருந்து 120-க்குக் கூட்டினால் 10 நிமிடமும், 120-லிருந்து 140-க்குக் கூட்டினால் 7 நிமிடமுமே மிச்சமாகின்றன. ஒவ்வொரு 20 கி.மீ. ஏற்றத்துக்கும் ஆதாயம் சுருங்கிக்கொண்டே செல்கிறது. இழப்போ எதிர்த்திசையில் வளர்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் வகுத்து, உலக சுகாதார நிறுவனமும் எடுத்தாளும் மதிப்பீட்டின்படி, ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு உயரும். அந்த விகிதத்தை நீட்டிப் பார்த்தால், சாலை முழுவதன் சராசரி 100-லிருந்து 120-க்கு ஏறுகையில் பயண நேரம் ஆறில் ஒரு பங்கு குறைய, உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய இரு மடங்காகும். காற்றின் எதிர்ப்பும் அதே ஏற்றத்தில் 44 விழுக்காடு கூடுவதால், எரிபொருள் செலவும் உயர்கிறது.

நெரிசல் மிகுந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்தால் பயணம் விரைவுபடும் நிலையும் உண்டு. லண்டனைச் சுற்றியுள்ள எம்-25 சாலையில் 1995 முதல், போக்குவரத்தின் அடர்த்திக்கு ஏற்ப மின்பலகைகளில் மாறும் வரம்பு நடைமுறைக்கு வந்தது. அனைவரும் ஒரே மிதமான வேகத்தில் செல்லும்போது, ஒருவரின் திடீர் பிரேக் பின்னால் அலையலையாகப் பரவி வரிசையையே நிறுத்திவிடும் நிலை குறைகிறது. மழைக்கும் பனிக்கும் நெரிசலுக்கும் ஏற்ப எண்ணை மாற்றிக்காட்டும் பலகைகளை எல்லா விரைவுச்சாலைகளிலும் நிறுவுவது ஆட்சியாளர்களின் கடமை. அவை வரும்வரையிலும், வந்த பின்னரும்கூட, தெரியும் தூரம், தளத்தின் ஈரம், முன்வண்டியின் இடைவெளி, தம் உடலின் களைப்பு ஆகிய நான்கையும் பார்த்து எண்ணை இறக்கிக்கொள்வது ஓட்டுநரின் வேலை. அதைச் செய்வதற்கு அவகாசம் வேண்டும். 120 என்ற எண்ணை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்பட்டவருக்கு மழையில் 80-க்கு இறங்க மனம் வருவதில்லை. 80-ஐ வைத்துக் கணக்கிட்டு முன்கூட்டியே கிளம்பியவருக்கு அந்த இறக்கத்தில் இழப்பு எதுவும் இல்லை. ஆகவே விரைவுச்சாலையில் பாதுகாப்பான வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் முடிவு, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதிலேயே எடுக்கப்படுகிறது.